வீட்டை கடைசியாய் வாரும்

ஈப்போ, மலேசியா
4.2.1973

அன்பான அண்ணைக்கு,

தம்பி தேவராசா எழுதிறது. நீங்களும் மச்சாளும் தேகசுகத்தோடை இருப்பியள் எண்டு நம்பிறன். இஞ்சை நானும் மகாதேவியும் சுகம். பிள்ளை பத்மாசினிக்குக் காய்ச்சல் முழுக்க விட்டிட்டுது. நாற்பது நாள் ஆஸ்பத்திரியிலை கிடந்தவள் எண்டு சொன்னால் ஆரும் நம்பமாட்டினம். டொக்டர் கையை விரிச்ச அண்டைக்கு நல்லூரானுக்குக் காவடி எடுக்கிறதெண்டு நேர்ந்தனான். வாற ஆவணித் தேரிலை நான் காவடி எடுக்க, பிள்ளை பக்கத்திலை பாற்செம்போடை நடந்து வரவேணும். அதுதான் நேர்த்தி. ஒரு மாச லீவு கிடைச்சிருக்கு. இதை விட்டால் இனி எப்ப லீவு தருவாங்கள் எண்டு தெரியாது.

அண்ணை, இன்னொரு விஷயம், சொல்ல வெக்கமாயிருக்கு. மகாதேவி தைப்பிங்கிலை பிறந்து வளர்ந்தவள். யாழ்ப்பாணத்தைக் கண்ணாலை கண்டதில்லை. நான் இருபத்திரண்டு வருஷமா அவளுக்குப் புளுகி வைச்சிருக்கிறன். கண்ணைக் கட்டி விட்டாலும் யாழ்ப்பாண ரவுணிலை நடப்பன், எந்தக் கடையிலை எது ருசியெண்டு என்ரை நாக்குக்குத் தெரியும், அப்பிடி இப்பிடியெண்டு. இப்ப யோசிச்சுப் பாத்தால் ஸ்ரேஷனிலை இறங்கி எந்தப் பக்கம் திரும்பிறதெண்டே ஞாபகமில்லை. ஊரை விட்டு வந்து இருபத்தாறு வருஷம் எல்லோ.

நீங்கள் முப்பது வருஷம் அந்த ரவுணிலை தபால் குடுத்த மனிசன். எங்கை திரும்பிறது, எங்கை என்ன சாப்பிடுறது, எதைப் பாக்கிறது எண்டு விவரமா எழுதி விடுங்கோ. நான் பாடமாக்கிக்கொண்டு வாறன். நீங்கள் கூட வந்து காட்டினால் என்ரை குட்டு உடைஞ்சு போகும். ஆனபடியால் நாங்கள் தனிய நடக்கிறம். என்ரை மானம் உங்கடை கையிலை.

மச்சாளுக்கு என்ரை அன்பைச் சொல்லுங்கோ.

உங்கடை தம்பி
தேவராசா

*

சிவமயம்
வண்ணார்பண்ணை
26.2.1973

தம்பி தேவராசாவுக்கு,

உன்ரை கடிதம் வந்தது. பிள்ளை எழும்பி நடக்கிறாள் எண்டதை வாசிச்சிட்டு உன்ரை மச்சாள் ஞானாம்பிகை சுவாமிப் படத்துக்கு முன்னாலை போய் நிண்டவள், அரை மணித்தியாலமா வரேல்லை. என்ரை தேத்தண்ணி ஆறிப்போச்சு. எங்கடை சுகத்தைக் கேட்டிருக்கிறாய். மிளகாய் நட்டவன் மாடிவீடு கட்டுறான், தபால் குடுத்தவன் விடியக்காலமை பேக்கரி வாசலிலை பாண் வரிசையிலை நிக்கிறான். அவ்வளவுதான் எங்கடை சுகம்.

புளுகிறதுக்கும் ஒரு அளவு வேணும், தம்பி. சரி, கேள்.

ஸ்ரேஷன் வாசலிலை கார்க்காரர் வந்து பிய்ச்சுப் பிடுங்குவாங்கள். காது கேளாதவன் மாதிரி ஸ்ரான்லி வீதிக்கு வந்து மேற்கை நட. வழியிலை பச்சைப் படலை போட்ட வீடு ஒண்டு வரும். அந்த வீட்டு நாய் என்னை மூண்டு தரம் கடிச்சது. இப்ப இருக்கிறது அதின்ரை பேரன், ஆனால் குணம் மாறேல்லை. மற்றப் பக்கத்தாலை நட. கஸ்தூரியார் வீதிக்கு ஏறினால் ரெண்டு பக்கமும் நகைக்கடை. மகாதேவி நிண்டிடுவா. "நாளைக்கு வருவம்" எண்டு சொல்லி இழுத்துக்கொண்டு போ, நான் அப்பிடித்தான் முப்பது வருஷம் தப்பினனான்.

பெரியகடையிலை நீ இருந்த காலத்துத் தோசைக்கடை மூடி வருஷம் பத்தாச்சு. இப்ப அதுக்குள்ளை சைக்கிள் ரயர் விக்கிறாங்கள். அதுக்கு எதிரிலை ஒடுக்கமான வாசலோடை ஒரு சைவக்கடை இருக்கு. பேர்ப்பலகை இல்லை. புகைக்கரி பிடிச்ச சுவர், இருந்தால் ஆடுற வாங்கு. தோசையோடை செத்தல்மிளகாய்ச் சம்பல் கேள். சாம்பார் ஊத்த வந்தால் வேண்டாம் எண்டு சொல்லு, சம்பலின்ரை ருசி கெட்டுப்போகும். கிழமையிலை ரெண்டு நாள் கடையளிலை சோறு இல்லையெண்டு சட்டம். தோசைக்கு இன்னும் ஒருத்தரும் சட்டம் போடேல்லை.

பேந்து மணிக்கூட்டுக் கோபுரத்தடி. அங்கை மக்பூலின்ரை சர்பத் கடை. சோனகத்தெருவிலை அவன்ரை வீட்டுக்கு இருபது வருஷம் தபால் குடுத்தனான். ஒரு நாளும் தண்ணி தராமல் விட்டதில்லை. முருகேசுவின்ரை தம்பி எண்டு சொல்லு, அவன் உன்னைத் தலையிலை வைச்சுக் கொண்டாடுவான். நன்னாரி சர்பத் எலுமிச்சம்புளி விட்டுக் குடி.

கோட்டைப் பக்கமும் நல்லூர்ப் பக்கமும் அடுத்த கடிதத்திலை. கை உளையுது.

முருகன் துணை.
அண்ணை முருகேசு

*

ஈப்போ
20.3.1973

அன்பான அண்ணைக்கு,

இஞ்சை மூவரும் சுகம், அங்கையும் அப்பிடியே இருக்கவேணும். உங்கடை கடிதத்தைப் பத்துத் தரம் வாசிச்சுப் பாடமாக்கிப்போட்டன். நேற்றுச் சாப்பிடேக்கை "பெரியகடையிலை பேர்ப்பலகை இல்லாத ஒரு கடை" எண்டு மெல்லமா எடுத்து விட்டன். மகாதேவி வாயைப் பிளந்தவ. "உங்களுக்கு இன்னும் இவ்வளவு ஞாபகமோ" எண்டு கேட்டவ. எனக்குச் சிரிப்பு அடக்க ஏலாமல் போச்சு.

ஓகஸ்ட் 13 கொழும்புக்கு வாறம். மகாதேவியின்ரை சொந்தத்திலை வெள்ளவத்தையிலை ஒரு கலியாணம் 22ஆம் திகதி. அது முடிய யாழ்ப்பாணம். மிச்ச வழியைக் கெதியா எழுதுங்கோ.

அண்ணை, போன கடிதத்திலை கடைசிப் பக்கம் கையெழுத்து ஒரே கோணல். உங்கடை கையெழுத்து அச்சு மாதிரி இருக்குமே. உடம்புக்கு ஏதும் வருத்தமோ? ஒளிக்காமல் எழுதுங்கோ.

தம்பி
தேவராசா

*

வண்ணார்பண்ணை
29.4.1973

அன்புள்ள தம்பி தேவராசாவுக்கு,

மச்சாள் ஞானாம்பிகை எழுதிறன். நல்லூரான் கிருபையாலை எல்லாரும் சுகம். கொண்ணருக்குக் கையிலை வாதம், வேறை ஒண்டுமில்லை. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிறன். என்ரை எழுத்துப் பிழையளைப் பாத்துச் சிரிக்காதையும். அஞ்சாம் வகுப்போடை என்னை நிப்பாட்டினது நானில்லை.

கொண்ணர் சொல்லுறார்: "மணிக்கூட்டுக் கோபுரத்தாலை தெற்கை நடக்க, முற்றவெளி. அதிலை மாடு மேயும், பெடியள் பந்தடிப்பாங்கள். அதுக்கங்காலை கோட்டை. உள்ளுக்கை கைதியளை வைக்கிற மறியல்சாலை இருக்கு, போக விடமாட்டாங்கள். அகழிக்கரையிலை நிண்டு பாத்தால் போதும். பறங்கியன் கட்டி ஒல்லாந்தன் பிடிச்ச கதையை மகாதேவிக்குச் சொல்லு. வருஷம் கேட்டால் இருமு. பின்னேரத்திலை பண்ணைக் கடற்கரைக்குப் போ, கடலை வாங்கிக்கொண்டு போ. பேந்து நூல்நிலையம். வெள்ளைக் கட்டிடம், படியிலை இருந்து இளைப்பாறலாம், ஒருத்தரும் கேக்கமாட்டினம்."

இவ்வளவையும் சொல்லிப்போட்டு இப்ப என்னைப் பாத்து, "பெரியகடையிலை அந்தப் பேர்ப்பலகை இல்லாத தோசைக்கடை இன்னும் இருக்கோ எண்டு நீ போய்ப் பாத்திட்டு வா" எண்டுறார். கேட்டீரோ கதையை! முப்பத்தொரு வருஷம் இந்த ரவுணிலை குடும்பம் நடத்திறன். சந்தை, சிவன்கோயில், ஆஸ்பத்திரி, இது மூண்டும்தான் எனக்குத் தெரிஞ்ச யாழ்ப்பாணம். ஒரு சாப்பாட்டுக்கடை வாசல் மிதிச்சதில்லை. ஒரு நாள் எண்டாலும் இந்த மனிசன் "வா, நடந்திட்டு வருவம்" எண்டு கூப்பிட்டிருப்பாரோ? பகல் முழுக்க நடக்கிற மனிசன் பின்னேரம் காலை நீட்டிக்கொண்டு கிடக்கிறதைக் குறை சொல்லவும் ஏலாது. இப்ப தம்பிக்காக என்னை அனுப்பிறார்.

போவன். போகாமல் விட்டால் ஒவ்வொரு நாளும் நச்சரிப்பார்.

மச்சாள்
ஞானாம்பிகை

*

வண்ணார்பண்ணை
2.7.1973

அன்புள்ள தம்பிக்கு,

எல்லாரும் சுகம். நீரும் மகாதேவியும் பிள்ளையும் நல்லாயிருக்கவேணும். உம்மடை மே மாசக் கடிதம் வந்தது. அண்ணையின்ரை கையெழுத்தை ஏன் காணேல்லை, உண்மையைச் சொல்லுங்கோ எண்டு கேட்டிருக்கிறீர். கொண்ணர் சுகம். நித்திரைதான் கொஞ்சம் கூட. வயசு போனால் நித்திரை வரத்தானே செய்யும். மறுமொழி பிந்தினதுக்கு நான் தான் காரணம், வீட்டுவேலையோடை எழுத நேரம் வரேல்லை.

பெரியகடைக்குப் போனனான். தனியத்தான். வாசலிலை ரெண்டு தரம் நிண்டு திரும்பி, மூண்டாம் தரம் உள்ளுக்கை போனன். உள்ளுக்கை இருந்த ஆம்பிளையள் எல்லாம் தோசையை விட்டிட்டு என்னைப் பாத்தினம். கடைக்காரன், "அம்மா, கட்டித் தாறதோ?" எண்டு கேட்டான். "இல்லை, இருந்து சாப்பிடுறன்" எண்டன். எங்கையிருந்து அந்தத் துணிவு வந்ததெண்டு எனக்கே தெரியாது. தோசை எண்டால், தம்பி, சும்மா சொல்லப்படாது. கரை முறுகி நடு மெத்தெண்டு. சம்பல் மூக்காலை கண்ணாலை தண்ணி வரப்பண்ணும். மூண்டு சாப்பிட்டன். இவ்வளவு காலமும் இந்த மனிசன் இதைச் சாப்பிட்டிட்டுத்தானே வீட்டை வந்து என்ரை தோசையிலை உப்புக் குறைவு எண்டு சொன்னவர் எண்டு நினைக்க ஆத்திரமும் வந்தது.

வந்து அவருக்குச் சொன்னன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "எந்த வாங்கிலை இருந்தனி? சம்பலுக்கு வெங்காயம் எந்த அளவு?" எண்டெல்லாம் விசாரணை. அடுத்த கிழமை நல்லூர்ப் பக்கம் போகச் சொன்னவர், போனனான். கோயிலடியாலை கிழக்கை நடக்க யமுனா ஏரி வரும். பேர்தான் ஏரி, அது 'ப' எழுத்து மாதிரி வெட்டின ஒரு கேணி. பாசி பிடிச்சுக் கிடக்கு, படியிலை வழுக்கும், பிள்ளையைப் பிடிச்சுக்கொள்ளும். பருத்தித்துறை வீதியிலை மந்திரிமனை, மரவேலை பாக்க வடிவு, வௌவால் நாத்தம். கோயில் வீதியிலை கச்சான்கடலை விக்கிற ஒரு மனிசியிட்டை மோதகமும் வாங்கலாம், உள்ளுக்கை வைச்ச பயறுக்கு இனிப்புக் காணாது.

ஒவ்வொரு நாளும் வீட்டை வந்து சொல்லச் சொல்ல அவருக்கு முகம் மலரும். ஆனால் எனக்குக் களைச்சுப் போச்சு, தம்பி. காலும் மனமும் களைச்சுப் போச்சு.

மச்சாள்
ஞானாம்பிகை

*

வெள்ளவத்தை, கொழும்பு
15.8.1973

அன்பான அண்ணைக்கும் மச்சாளுக்கும்,

கடவுள் புண்ணியத்திலை சுகமா வந்து இறங்கியிட்டம். பத்மாசினிக்குப் பிரயாணம் ஒண்டும் செய்யேல்லை. இஞ்சை வீடு முழுக்கக் கலியாண ஆரவாரம். காலமையிலை ரேடியோவிலை மரண அறிவித்தல் போகேக்கை மட்டும் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு கேக்கினம். அது ஒண்டும் மாறேல்லை.

அண்ணை, எனக்குப் பொறுக்க ஏலாமல் இருக்கு. இவ்வளவு கிட்ட வந்திட்டன். ஒரு இரவு ரெயில்தானே. கலியாணத்துக்கு முன்னம் நான் மட்டும் ஓடி வந்து உங்களை ஒருக்காப் பாத்திட்டுப் போகட்டோ? ஓமெண்டால் உடனை ஒரு வரி எழுதுங்கோ. இல்லாட்டில் 25ஆம் திகதி இரவு மெயிலிலை எல்லாருமா வந்து 26 விடிய இறங்கிறம். தேர் 27.

தம்பி
தேவராசா

*

(எழுதினது, தபாலிலை போடேல்லை)

வண்ணார்பண்ணை
17.8.1973

தம்பி தேவராசா,

கொண்ணர் நேற்றுக் காலமை எங்களை விட்டிட்டுப் போட்டார். பின்னேரமே எடுத்தாச்சு. அவரின்ரை ஒன்றுவிட்ட தம்பி தம்பிஐயா சாவகச்சேரியிலையிருந்து வந்து கொள்ளி வைச்சவன். உம்மடை கடிதம் இண்டைக்கு வந்தது. ஓடி வரட்டோ எண்டு கேட்டிருக்கிறீர்.

வயித்துக்குள்ளை கட்டி. இனிச் செய்ய ஒண்டுமில்லையெண்டு டொக்டர்மார் சித்திரையிலேயே சொல்லிப்போட்டினம். அண்டையிலிருந்து பாயோடைதான். தம்பி பிள்ளையாலை பட்டது காணும், என்ரை வருத்தத்தை எழுதாதை எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவர். கடைசி ரெண்டு நாளும் அந்த யோசனை ஒண்டும் அவருக்கு இல்லை. "தம்பி வந்திட்டானோ? ரெயில் வந்திட்டுதோ?" எண்டதே கதை. நான் "வாறார், வாறார்" எண்டனான். நீர் கொழும்பிலை இருக்கிறீர் எண்டு எனக்குத் தெரியும். ஒரு தந்தி அடிச்சிருந்தால் கண்ணாலை கண்டிருப்பீர், கையாலை கொள்ளி வைச்சிருப்பீர்.

அடிக்கேல்லை. சாவைக் காதாலை கேட்டால் உமக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. கோயில் வாசல் மிதிக்க ஏலாது, பிள்ளையின்ரை நேர்த்தி அந்தரத்திலை நிண்டிடும். கேளாமல் இருந்தால் குற்றமில்லை எண்டுதானே பெரியவை சொல்லியிருக்கினம். ரேடியோவுக்கும் குடுக்க விடேல்லை. "முப்பது வருஷம் ஊர்க் கடிதமெல்லாம் சுமந்தவனுக்கு ரேடியோவிலை ஒரு சொல் இல்லையோ" எண்டு சனம் என்ரை முகத்துக்கு முன்னாலேயே ஏசுது. ஏசட்டும். ஆனால் உம்மட்டை இதைச் சொல்லாமல் எப்பிடித் தம்பி நான்

*

வண்ணார்பண்ணை
18.8.1973

அன்புள்ள தம்பிக்கு,

சுகமா வந்து இறங்கினது சந்தோஷம். கொண்ணர் உம்மடை கடிதத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டுச் சந்தோஷப்பட்டவர்.

இப்ப வரவேண்டாம். எங்கடை வீட்டிலை அம்மாள் வந்திருக்கிறா. பக்கத்து வீட்டிலை தொடங்கி எங்களுக்கும் கொப்பளிப்பான், கொண்ணருக்கும் போட்டிருக்கு. வேப்பிலை கட்டின படலையை நேர்த்தி வைச்சவை திறக்கப்படாது. பிள்ளையும் வருத்தத்தாலை எழும்பினவள், அவளுக்கும் கூடாது. ஆனபடியால் 26ஆம் திகதி ஸ்ரேஷனிலை இறங்கி வீட்டுப் பக்கம் வராதையும். நல்லூர் மேற்கு வீதியிலை ஒரு மடம் இருக்கு, கிணறும் இருக்கு, அறை சொல்லி வைச்சிருக்கிறன். அங்கை சாமானை வைச்சு முழுகிப்போட்டு, அண்டைக்குப் பகல் முழுக்க ஊரைச் சுத்திக் காட்டும். மகாதேவிக்கும் இதைவிட நல்ல நாள் வராது.

கொண்ணர் எழுதின வழியாலையே நடவும். ஆனால் சிவன்கோயில் பக்கம் வேண்டாம், அங்கை றோட்டுக் கிண்டிப்போட்டிருக்கு. தபாற்கந்தோருக்கு முன்னாலையும் போகாதையும், சனநெரிசல். பழைய ஆக்களைக் கண்டால் கதைச்சுக்கொண்டு நிக்காதையும், கதை வளர்ந்தால் பொழுது போகும். கோட்டை, பண்ணை, நூல்நிலையம் எல்லாம் ஆறுதலாப் பாரும். இரவு மடத்திலை இடியப்பம் குடுப்பினம். மறுநாள் தேரிலை காவடியை எடுத்து, பிள்ளையைச் சந்நிதியிலை நிப்பாட்டிக் கும்பிட்டு எல்லாம் முடிச்சுப்போட்டு, வீட்டை கடைசியாய் வாரும். கொண்ணரும் அப்பிடித்தான் சொல்லச் சொன்னவர்.

கலியாணத்துக்குப் பலகாரம் அனுப்ப வழியில்லை. மன்னிக்கவேணும்.

மச்சாள்
ஞானாம்பிகை

*

ஈப்போ
7.10.1973

மச்சாளுக்கு,

சுகமா வந்து சேந்தம். பத்மாசினி திரும்பப் பள்ளிக்கூடம் போறாள். அண்ணையின்ரை முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நல்லபடி முடிஞ்சிருக்கும் எண்டு நினைக்கிறன். லீவு முடிஞ்சு நிக்க ஏலாமல் போச்சு.

தேர் முடிஞ்சு நாங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்த நேரம் நீங்கள் வெள்ளைச் சீலையோடை நிண்டீங்கள். நான் அப்பிடியே நிலத்திலை இருந்து குழறினனான். நீங்கள் என்ரை தோளைப் பிடிச்சு, "நேர்த்தி முடியாமல் அறிவிக்கவேண்டாம் எண்டு கொண்ணர் சொல்லிப்போட்டுத்தான் போனவர்" எண்டு சொன்னீங்கள். மச்சாள், அண்டைக்குத்தான் நான் கேள்விப்பட்டனான் எண்டு நீங்கள் நினைச்சிருப்பியள். இல்லை.

முதல்நாளே எனக்குத் தெரியும். மணிக்கூட்டுக் கோபுரத்தடியிலை மக்பூல் நானாவின்ரை கடைக்குப் போனனான். அண்ணை எழுதினமாதிரியே "முருகேசுவின்ரை தம்பி" எண்டு சொன்னன். மகாதேவியும் பிள்ளையும் அடுத்த கடையிலை வளையல் பாத்துக்கொண்டு நிண்டவை. அவர் மேசைக்குப் பின்னாலையிருந்து எழும்பி வந்து என்ரை ரெண்டு கையையும் பிடிச்சார். "செத்தவீட்டுக்கு நான் வந்தனான் தம்பி, உங்களைத்தான் காணேல்லை" எண்டார். எனக்குத் தெரியாதெண்டு அந்த மனிசன் என்ன கண்டார்? அவருக்குக் கையைக் காட்டி வாயைப் பொத்தச் சொன்னன். அவருக்கு விளங்கியிட்டுது, கண் கலங்கிப்போனார். சர்பத் வந்தது. குடிச்சன். மகாதேவி வந்து "ருசியோ?" எண்டு கேட்டவ. "சோக்கு" எண்டன்.

பேந்து நான் என்ன செய்தன் தெரியுமோ? நடந்தன். அண்ணை எழுதின ஒவ்வொரு இடத்துக்கும் போனன். இதுதான் கோட்டை எண்டன். பறங்கியன் எண்டன், ஒல்லாந்தன் எண்டன். பண்ணையிலை கடலை வாங்கிக் குடுத்தன். "இருபத்தாறு வருஷம் கழிஞ்சும் ஒரு திருப்பம் மறக்கேல்லையே" எண்டு மகாதேவி சொல்லிக்கொண்டே வந்தவ. எனக்கு வாய்விட்டுக் குழறவேணும் போலை இருந்தது. அவைக்குச் சொன்னால் அவையும் கோயிலுக்குப் போக ஏலாது. சொல்லேல்லை.

அடுத்த நாள் காவடி எடுத்தன். கேளாதவனுக்குக் குற்றமில்லை. நான் கேட்டனான், மச்சாள். துடக்கோடை, தெரிஞ்சுகொண்டு, முருகன் வாசலிலை காவடியோடை ஆடினனான். பிள்ளை பக்கத்திலை பாற்செம்போடை நிண்டு என்னைப் பாத்துச் சிரிச்சாள். அவளின்ரை முகத்தைப் பாத்தபடியால் காவடியை இறக்க மனம் வரேல்லை. மகாதேவிக்கு இண்டைவரைக்கும் இது தெரியாது.

இப்ப நித்திரை இல்லை. பிள்ளை தும்மினாலும் நெஞ்சு இடிக்குது. ஒரு ஆறுதல்தான் மிச்சம். அண்ணை விரும்பித்தான் இது நடந்தது, அவர் சொல்லிப்போட்டுத்தான் போனவர் எண்டது. அது உண்மைதானே மச்சாள்? ஓம் எண்டு ஒரு வரி எழுதுங்கோ. அது காணும் எனக்கு.

தேவராசா

*

வண்ணார்பண்ணை
30.10.1973

தம்பி தேவராசாவுக்கு,

எனக்கு என்ன சுகம், இருக்கிறன். அந்தியேட்டி கீரிமலையிலை முடிஞ்சுது. தம்பிஐயாதான் செய்தவன்.

உம்மடை கடிதத்தை மூண்டு நாள் கையிலை வைச்சிருந்தன். மக்பூலின்ரை கடையை நான் மறந்துபோனன். சிவன்கோயிலைத் தவிர்க்கச் சொன்னன், கந்தோரைத் தவிர்க்கச் சொன்னன், அந்த மனிசனை மறந்துபோனன். அறுவது வயசிலை பொய் சொல்லப் பழகினால் இப்பிடித்தான்.

ஓம் எண்டு எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறீர். எழுதினால் உமக்கு நித்திரை வரும். ஆனால், தம்பி, சித்திரை தொடங்கி அவர் சொன்னவர், அவர் கேட்டவர் எண்டு எழுதி எழுதி எனக்கு அலுத்துப்போச்சு. செத்த மனிசன்ரை வாயிலை இனியும் கதை வைக்க எனக்கு ஏலாது.

அவர் அப்பிடிச் சொல்லேல்லை. வருத்தத்தைச் சொல்லாதை எண்டு முந்திச் சொன்னவர், அது மெய். கடைசி ரெண்டு நாளும் உம்மைத்தான் கேட்டவர். நேர்த்தியும் துடக்கும் அவருக்கு ஞாபகத்திலையே இல்லை. தந்தி அடிக்காதது நான். தனிய நான்தான்.

ஏனெண்டு சொல்லுறன். எங்கடை மகள் கனகாம்பிகைக்கு ஏழு வயசிலை வலிப்பு வந்து, சந்நிதி முருகன் கோயிலுக்கு நேர்த்தி வைச்சம், அப்ப நீர் ஈப்போவுக்குப் போட்டீர், கடிதத்திலைதான் அறிஞ்சிருப்பீர். கோயிலுக்குப் போக இருந்த கிழமை கொண்ணரின்ரை பெரியப்பா செத்துத் துடக்கு வந்தது. தள்ளி வைச்சம். துடக்குக் கழிய முந்திப் பிள்ளை போட்டுது. அதாலைதான் போனதோ இல்லையோ ஆருக்குத் தெரியும்? கொண்ணர் நம்பேல்லை. நான் நம்பினனான். இப்பவும் நம்பிறன். உம்மடை பிள்ளைக்கு அப்பிடி நடக்க விடமாட்டன் எண்டு நினைச்சன். அதுக்காக என்ரை மனிசன் தம்பியைக் காணாமல் கண்ணை மூடினார். தம்பியைக் கூப்பிடு எண்டு கெஞ்சினவருக்கு நான் பக்கத்திலை இருந்து பொய் சொன்னனான்.

அம்மாளின்ரை பேரிலையும் பொய் சொன்னனான். பாவம் எண்டு ஒண்டு இருந்தால் அது என்ரை பேருக்குத்தான் வரவேணும். உமக்கும் பிள்ளைக்கும் அதிலை ஒரு பங்கும் இல்லை. என்னை ஏசி எழுதும். எழுதாமல் விடுறதெண்டாலும் சரி.

ஞானாம்பிகை

*

வண்ணார்பண்ணை
4.7.1974

தம்பி தேவராசாவுக்கு,

நீர், மகாதேவி, பத்மாசினி எல்லாரும் சுகமோ? எட்டு மாசமா உம்மட்டையிருந்து ஒரு வரி இல்லை. தபால்காரன் மணி அடிச்சுக்கொண்டு படலையைத் தாண்டிப் போறதைக் கேட்டுக்கொண்டு இருக்கிறன். தபால்காரன் பெண்சாதிக்கு இது வேணும்தான். பிழை உம்மிலை இல்லை.

கொண்ணரின்ரை ஆட்டைத் திவசம் ஓகஸ்ட் ஆறாம் திகதி வருகுது. ஆர் இருந்து செய்யிறது எண்டு ஐயர் கேட்டவர். தம்பிஐயா போன வருஷம் அந்தியேட்டி செய்தவன், இந்த முறையும் செய்வன் எண்டு சொல்லுறான். நான் ஐயருக்கு உம்மடை பேரைத்தான் சொன்னன். கேளாமல் சொன்னது பிழை எண்டால் எழுதும், தம்பிஐயாவுக்கு அறிவிக்கிறன். கடல் தாண்டி வந்து போறது லேசான காரியமில்லை எண்டு தெரியும். வந்து என்ரை முகத்திலை முழிக்க மனமில்லாட்டில் அதையும் நான் விளங்கிக்கொள்ளுவன்.

போன முறை உமக்குச் சொல்லவேண்டிய நேரத்திலை சொல்லேல்லை. இந்த முறை ஒரு மாசம் முந்தியே சொல்லிப்போட்டன்.

மச்சாள்
ஞானாம்பிகை

*

ஈப்போ
19.7.1974

மச்சாளுக்கு,

மூவரும் சுகம். பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை.

எட்டு மாசமா ஏச நினைச்சு எழுதத் தொடங்கின கடிதங்கள் கனக்கக் கிழிச்சுப்போட்டன். கோபம் இன்னும் முழுக்க ஆறேல்லை, பொய் சொல்லமாட்டன். மகாதேவிக்கு எல்லாத்தையும் சொல்லிப்போட்டன். அவ அண்டைக்குப் பாயை எடுத்துப் பிள்ளையின்ரை அறையிலை போட்டவ. அடுத்த நாள், "அண்டைக்கு அந்த மனிசி வீட்டிலை தனிய என்ன பாடு பட்டிருப்பா" எண்டு மட்டும் கேட்டவ.

திவசம் நான் செய்யிறன். ஐயருக்குச் சொல்லுங்கோ. சம்பளமில்லாத லீவிலை கொழும்புக்கு வந்து, அஞ்சாம் திகதி விடிய மெயிலிலை தனிய வாறன். ஸ்ரேஷன் வாசலிலை முதல் நிக்கிற காரைப் பிடிச்சு, ஒரு இடமும் நிக்காமல் நேரை வீட்டை வாறன்.

தம்பி
தேவராசா